சர்வோ மோட்டார் வாங்கும் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை

யந்திரம் வாங்குவது எளிது. வாங்கிய யந்திரத்தைப் பல ஆண்டுகள் ஓயாமல் ஓட்டுவதே அரிது. தனி முதலாளி ஒருவர் பொருந்தாத யந்திரத்தை வாங்கிவிட்டால், அதன் நஷ்டம் அவர் ஒருவரோடு முடிகிறது. கூட்டுறவுச் சங்கம் வாங்கிவிட்டாலோ, அங்கத்தினர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பங்குத் தொகை அதில் முடங்கிப் போகிறது. வாங்கிய கடனின் வட்டி மட்டும் முடங்குவதில்லை. ஆகவே, இன்று பல நிர்வாகக் குழுக்களின் முன் வந்து நிற்கும் ஒரு கேள்வியைப் பற்றி நமது அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம். மோட்டார், அதனை ஆளும் டிரைவ், சுழற்சியை அளக்கும் என்கோடர் ஆகிய மூன்றும் ஒரே கூட்டினுள் அடங்கிய ஒருங்கிணைந்த சர்வோ மோட்டாரை வாங்குவதா, அல்லது மோட்டாரையும் டிரைவையும் தனித்தனியே வாங்குவதா என்பதே அக்கேள்வி.

சர்வோ என்பது என்ன? சாதாரண மோட்டார் இட்ட கட்டளைப்படி சுழலும். சுழன்றதா இல்லையா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்ளாது. சர்வோவில் என்கோடர் தண்டின் நிலையை இடைவிடாமல் அறிவிக்கிறது. இருக்க வேண்டிய இடத்திற்கும் இருக்கும் இடத்திற்கும் உள்ள வேறுபாட்டை டிரைவ் ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான தடவை கணக்கிட்டுத் திருத்துகிறது. ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை வழக்கமாக 200 படிகளாகப் பிரித்து நகரும். சுமை மீறினால் படி தவறும், தவறியதை அது அறியாது. சர்வோவின் சிறப்பு இந்த அறிவில்தான் இருக்கிறது.

நெசவுக்கு இதனால் என்ன பயன்? விசைத்தறியில் பாவை விடுவதும் துணியைச் சுருட்டுவதும் ஒன்றோடொன்று இசைந்து நடக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு 24 ஊடை இழை போடும் துணியில், ஒவ்வோர் இழைக்கும் துணி ஏறக்குறைய 0.42 மில்லிமீட்டர் முன்னேற வேண்டும். பழைய அமைப்பில் இதை மாற்றப் பற்சக்கரத்தையே கழற்றி மாற்ற வேண்டும். சர்வோ அமைப்பில் எண்ணை மாற்றினால் போதும். பாவு விடுவதில் இன்னொரு நுட்பம் உண்டு. பாவு உருளை நிறைந்திருக்கும்போது அதன் விட்டம் 80 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 251 சென்டிமீட்டர் பாவு வெளிவரும். தீரும் தறுவாயில் விட்டம் 15 சென்டிமீட்டராகிவிட்டால், ஒரு சுற்றுக்கு வருவது 47 சென்டிமீட்டர்தான். ஆகவே பாவு ஒரே சீராக வர, உருளை முடிவில் தொடக்கத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரைவாகச் சுழல வேண்டும். இழுவிசையை அளந்து இந்த மாற்றத்தைத் தானாகச் செய்வதும், தறி நின்று மீண்டும் ஓடும்போது துணியின் குறுக்கே விழும் கோட்டைக் குறைப்பதும் சர்வோவால் கைகூடும் நன்மைகள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கைத்தறிச் சங்கங்கள் இவ்விஷயத்தைப் பாவு ஓடுதல் போன்ற முன்வேலைகளின் அளவிலேயே கருத வேண்டும். தறியைப் பற்றி நாம் சொல்வதெல்லாம் விசைத்தறிச் சங்கங்களுக்கே உரியது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். விற்பனையாளர் முதலில் பெருமையாகக் காட்டுவது என்கோடரின் நுட்பம். 17 பிட் என்கோடர் ஒரு சுற்றை 1,31,072 பகுதிகளாகப் பிரிக்கிறது. 5 மில்லிமீட்டர் புரியுள்ள திருகுத் தண்டில் அது ஒரு மில்லிமீட்டரில் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும். ஆனால் சி7 தரத் திருகுத் தண்டே 300 மில்லிமீட்டர் நீளத்திற்கு 0.05 மில்லிமீட்டர் வரை பிழைபடக்கூடும். தராசு எவ்வளவு நுட்பமானதாயினும், எடைக்கல் தேய்ந்திருந்தால் நிறை சரியாகாது. யந்திரத்தின் மற்ற பாகங்கள் தாங்கும் நுட்பத்திற்கு மேல் விலை கொடுப்பது வீண்.

இரண்டாவது, சுமையைச் சங்கமே கணக்கிட வேண்டும். மஞ்சள் விளைவிப்போர் சங்கம் ஒன்று தூளைப் பொட்டலம் கட்டும் யந்திரம் வாங்குவதாகக் கொள்வோம். நிமிஷத்திற்கு 60 பொட்டலம். ஒவ்வொன்றிற்கும் 15 சென்டிமீட்டர் உறைத்தாளை 0.4 வினாடியில் இழுக்க வேண்டும். பாதி நேரம் வேகமேறி, பாதி நேரம் வேகம் தணிந்தால், உச்ச வேகம் வினாடிக்கு 0.75 மீட்டர். இழுக்கும் உருளையின் விட்டம் 6 சென்டிமீட்டராயின், அது நிமிஷத்திற்கு ஏறக்குறைய 240 சுற்று சுழலும். 3,000 சுற்று மோட்டாரை நேராகப் பூட்டினால் அதன் ஆற்றலில் பெரும்பகுதி பயன்படாது. 10-க்கு 1 என்ற கியர் வழியாகப் பூட்டினால் 2,400 சுற்றில் நன்கு பொருந்தும். அன்றியும், மோட்டார் உணரும் சுமையின் சடத்துவம் கியர் விகிதத்தின் வர்க்கத்தால் குறையும். 10 மடங்கு கியருக்கு அது நூறில் ஒரு பங்காகிவிடும். உராய்வை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மோட்டார் வினாடிக்கு 0.4 பங்கு நேரமே உழைக்கிறது; சராசரியாக அது தாங்க வேண்டிய முறுக்குவிசை, உச்ச முறுக்குவிசையில் 63 சதவிகிதந்தான். உச்சத்தைத் தாங்க ஒரு மோட்டார், அதற்கு மேல் பயத்திற்கு ஒரு மடங்கு என்று வாங்கும் வழக்கத்தால் சங்கப் பணம் கரைகிறது. இது பள்ளிக் கணக்கே. காரியதரிசியும் மேஸ்திரியும் ஒரு மாலையில் உட்கார்ந்து போட்டுவிடலாம்.

மூன்றாவது, இடம். ஒருங்கிணைந்த மோட்டாரின் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. நீண்ட கேபிள்கள் வேண்டா, மின்பெட்டி சிறிதாகும், பூட்டும் வேலை விரைவில் முடியும், கேபிள் வழியே வரும் மின் இரைச்சலும் குறையும். ஆனால் மோட்டாரின் சூடு முழுவதும் அருகிலுள்ள மின்னணுப் பாகங்களைத் தாக்குகிறது. மின்தேக்கிகளின் சூடு 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொறியாளர் அறிந்த பொது விதி. தறிக் கூடத்தில் பஞ்சுத் தூசி மோட்டாரின் மேல் போர்வைபோல் படிந்து சூட்டை வெளியே விடாது. தறியின் அதிர்ச்சியோ ஓயாது. கஞ்சி போடும் யந்திரத்தின் அருகே வெப்பமும் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே பொட்டலம் கட்டும் கூடம் போன்ற குளிர்ந்த, அதிர்ச்சியற்ற, விட்டு விட்டு ஓடும் இடங்களுக்கு ஒருங்கிணைந்த மோட்டார் தகும்; தறிக்கும் கஞ்சி யந்திரத்திற்கும் தனி டிரைவை மூடிய பெட்டியில் வைப்பதே தகும் என்பது நமது துணிவு.

நான்காவது, மின்சாரம். ஒருங்கிணைந்த மோட்டார்கள் பல 24 அல்லது 48 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. 400 வாட் வேலைக்கு 48 வோல்ட்டில் 8 ஆம்பியருக்குச் சற்று அதிகமும், 24 வோல்ட்டில் ஏறக்குறைய 17 ஆம்பியரும் வேண்டும். கம்பி மெலிந்தும் நீண்டும் இருந்தால் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும். வேகம் தணியும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். அதை வாங்கிக்கொள்ளும் தடை இல்லாவிடில் மின்வழங்கி நின்றுவிடும். மின்தடை வழக்கமான ஊர்களில், மின்சாரம் போய் வந்த பிறகும் தன் நிலையை மறவாத தனிநிலை என்கோடரையே கேட்டு வாங்க வேண்டும்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் பெரியது, பழுது. தனித்தனியே வாங்கினால், கெட்டதை மட்டும் மாற்றலாம். ஒருங்கிணைந்த மோட்டாரில் என்கோடர் ஒன்று கெட்டாலும், பெரும்பாலும் முழுக் கூட்டையும் கழற்றி அனுப்ப வேண்டியதுதான். அது திரும்பி வரும் நாள்வரையில் தறி நிற்கும்; தறி நின்றால் அதை நம்பிய குடும்பத்தின் கூலியும் நிற்கும். சங்கத்தின் ஐந்தொகையில் அந்த நஷ்டம் எந்த இனத்திலும் தோன்றுவதில்லை. அங்கத்தினர் வீட்டு அடுப்பில்தான் அது தெரிகிறது. விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது, விலை குறைந்ததை மட்டும் பாராமல், மாற்று மோட்டார் எத்தனை நாளில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்கி ஒப்பிட வேண்டும். மாட்பஸ், கேன்ஓப்பன், ஈதர்கேட் போன்ற பலரும் பின்பற்றும் பொது மொழியில் பேசும் மோட்டாரையே வாங்க வேண்டும். ஒரே கம்பெனிக்கு மட்டும் தெரிந்த மொழியில் பேசும் மோட்டாரை வாங்கிய சங்கம், அக்கம்பெனி கேட்கும் விலைக்கு என்றென்றும் கட்டுப்பட்டதாகும்.

இதற்கெல்லாம் மருந்து கூட்டுறவிலேயே இருக்கிறது. அண்டை ஊர்களிலுள்ள நான்கைந்து சங்கங்கள் கலந்து பேசி ஒரே வகை மோட்டாரை வாங்கட்டும். உபரியாக ஒன்றைப் பொதுச் செலவில் வாங்கிப் பொது இடத்தில் வைக்கட்டும். எந்தச் சங்கத்தில் பழுது நேர்ந்தாலும் அன்றே அதனைப் பூட்டிவிட்டு, கெட்டதைச் சாவகாசமாகச் சீர்செய்துகொள்ளலாம். தொழிற்பயிற்சி பெற்ற அங்கத்தினர் மகன் ஒருவனையோ மகள் ஒருத்தியையோ இவ்வேலையில் பழக்கி, எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவாக அமர்த்தலாம். 1956-இல் கோவையில் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற ஸ்தாபனங்களின் ஆலோசனையை வாங்கும் முன்னரே நாடலாம். வாங்கிய பிறகு நாடுவதில் பயன் குறைவு.

அடுத்த மகாசபையில் யந்திரக் கொள்முதல் பற்றிய தீர்மானம் வருமாயின், அங்கத்தினர்கள் மூன்று கேள்விகளைக் கேட்பார்களாக: சுமைக் கணக்கைப் போட்டவர் யார்? இது நிற்கப்போகும் இடத்தின் சூடும் தூசியும் அளந்து பார்க்கப்பட்டனவா? பழுதானால் எத்தனை நாளில் மீண்டும் ஓடும்? இம்மூன்றுக்கும் விடை எழுத்தில் இல்லாத தீர்மானத்தைத் தள்ளிவைப்பது யந்திரத்திற்கு எதிரான செயலன்று. சங்கத்தைக் காக்கும் செயலேயாகும்.