சுவரில் சான்றிதழ்! வயரில் மரணம்!



கடை கட்டுகிறோம். மூன்று மாடி, கண்ணாடி முகப்பு, ஏ.சி., லிஃப்ட், பின்கட்டில் ஜெனரேட்டர், நெற்றியில் ஒளிரும் பெயர்ப் பலகை. வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணம். மார்பிளுக்கும் கண்ணாடிக்கும் கேட்டதைக் கொடுக்கிறோம். வயரிங் என்று வந்ததும் கை சுருங்கிவிடுகிறது! தெரிந்த பையன் ஒருவன் வருகிறான். அவனிடம் தகுதிச் சான்று இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மின் ஆய்வாளரிடம் சான்று வாங்க வேண்டும் என்றால், "யாரைப் பார்த்தால் முடியும்?" என்பதே முதல் கேள்வி. வந்து எதையெல்லாம் சோதிப்பார்கள் என்று கேட்ட வியாபாரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இப்படிச் சொன்னால் கோபம் வருகிறது. "ஹஜ்ரத், ஆபீஸில் கேட்கும் மாமூல் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்கிறார்கள். தெரியும். கேட்பவனைப் பிடித்துக் கொடுக்க லஞ்ச ஒழிப்புத் துறை இருப்பதும் தெரியும். நான் கேட்பது வேறு. மாமூல் கொடுத்து நீங்கள் வாங்கியது என்ன? உங்கள் கடையை யாரும் சோதித்துப் பார்க்காமல் போகும் வசதியை! உங்கள் காசைக் கொடுத்து உங்கள் ஆபத்தையே விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள்.

1997 ஜூன் 13ஆம் தேதி டெல்லி உப்ஹார் தியேட்டரில் நடந்ததை இளைஞர்கள் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கட்டடத்தின் தரைத்தளத்தில் மின் வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மர். அன்று காலையிலேயே அதில் தீப்பிடித்து, ஊழியர்கள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்கள். கேபிள் முனையை அதற்குரிய கிரிம்பிங் மெஷினால் அழுத்திப் பொருத்தவில்லை. சுத்தியலால் தட்டிப் பொருத்தினார்கள். மாலையில் அந்த இணைப்பு கழன்றது. பொறி பறந்தது, எண்ணெய் கொட்டியது, பக்கத்தில் நெருக்கமாக நிறுத்தியிருந்த கார்கள் பற்றின. புகை மாடிப்படி வழியே பால்கனிக்கு ஏறியது. அங்கே வழியை மறித்துக் கூடுதல் நாற்காலிகள்! 59 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மூச்சுத் திணறி. வழக்கில் மின் வாரிய ஊழியர்களும் தப்பவில்லை, தியேட்டர் முதலாளிகளும் தப்பவில்லை. 2015இல் உச்ச நீதிமன்றம் உரிமையாளர் இருவருக்கும் ஆளுக்கு 30 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. "டிரான்ஸ்ஃபார்மர் என்னுடையதல்ல" என்ற பேச்சு எடுபடவில்லை.

டெல்லி தூரமா? ஸ்ரீரங்கம் பக்கம்தானே! 2004 ஜனவரி 23ஆம் தேதி திருமண மண்டபத்தில், வீடியோ விளக்குக்காக இழுத்த வயரில் கிளம்பிய பொறி கீற்றுப் பந்தலில் பிடித்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். நம்மவர் நடத்தும் மஹால்களில் இன்றும் பந்தல் துணிக்கு நடுவே ஒட்டுப்போட்ட வயர் ஓடவில்லையா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள்!

கடையும் மஹாலும் இருக்கட்டும். பள்ளிவாசலுக்கு வாருங்கள். ஹவுள் ஓரத்தில் உட்கார்ந்து ஒளுச் செய்கிறோம். காலும் நனைந்திருக்கிறது, கையும் நனைந்திருக்கிறது. நனைந்த உடம்பில் மின்சாரம் எளிதாகப் பாயும். அதனால்தான் நீச்சல் குளம், நீரூற்று போன்ற இடங்களின் வயரிங்குக்கு உலகெங்கும் தனி விதி வைத்திருக்கிறார்கள். நம் ஹவுளும் அந்த இனம்தான்! ஆனால் பக்கத்திலேயே மோட்டார், இரும்புக் குழாய், குடிதண்ணீர் கூலர், கைக்கெட்டும் உயரத்தில் சுவிட்சு. மோட்டார் காயில் கசிந்தால் அந்தக் குழாயைத் தொடுபவர் யார்? பாங்கு சொல்ல முதல் ஆளாய் வரும் மோதினார். இல்லாவிட்டால் மதரஸாப் பிள்ளை.

"எம்.சி.பி. போட்டிருக்கிறோமே" என்பார் முத்தவல்லி. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைவிடக் கூடுதலாகப் பாய்ந்தால்தான் விழும். ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு உடம்பில் பாய்ந்தாலே இதயம் நின்றுபோகும். ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.; கடைகளில் பழைய பழக்கத்தில் ஈ.எல்.சி.பி. என்று கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்ததுமே இணைப்பைத் துண்டித்துவிடும். அதன் முகத்தில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழவில்லையென்றால் அது சுவருக்கு அலங்காரம்! எர்த் குழியும் அப்படியே. கட்டும்போது தோண்டியதோடு மறந்துவிடுகிறோம். கோடையில் மண் காய்ந்தால் அது மின்சாரத்தை இழுத்துக்கொள்ளும் சக்தி குறைந்துவிடும். தண்ணீர் ஊற்ற வேண்டும், கருவி வைத்து அளந்து எழுதி வைக்க வேண்டும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முறையான சேஞ்ச்ஓவர் சுவிட்சு இல்லாமல் ஜெனரேட்டரை ஓட்டினால், உங்கள் கரண்டு வெளி லைனுக்குப் பின்னோக்கிப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பும். கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் என்ன ஆவார்? அவர் வீட்டிலும் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைக்காரர்களுக்கும் ஒன்று: பூச்சு அடிக்கும் அறையில் கரைப்பான் ஆவி நிறைந்திருக்கும். அங்கே சாதாரண சுவிட்சின் பொறியே போதும். தீப்பொறி வெளியே வராத தனிச் சாதனங்கள்தான் அங்கே மாட்டத் தக்கவை.

சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 162ஆம் பிரிவு மின் ஆய்வாளரை நியமிக்கிறது. ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதனை நடக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். குறிப்பிட்ட மின்னழுத்தம் வரை உள்ள அமைப்புகளுக்கு உரிமையாளரே சோதித்துத் தற்சான்று தரலாம் என்றும் வழி விட்டிருக்கிறார்கள். வியாபாரிகள் இதைச் சலுகை என்று கொண்டாடுகிறார்கள். எனக்கோ பயமாக இருக்கிறது! பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போடுவதற்குப் பெயர் என்ன? பொய்ச் சாட்சி பெரும்பாவம் என்று மிம்பரில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, திங்கட்கிழமை அதே கையால் அந்தப் படிவத்தில் ஒப்பமிடுகிறோமே!

யாராவது ஷாக்கடித்து மவுத்தாகிவிட்டால் "நஸீபு" என்று சொல்லி ஜனாஸாவைத் தூக்கிவிடுகிறோம். கழன்ற எர்த் வயரை மாட்டாமல் விட்டது யார் என்ற கேள்வியை நஸீபின் மேல் போட்டு மூடுவதை நான் ஏற்க மாட்டேன். உயிர்ச்சேதம் நேர்ந்தால் மின் ஆய்வாளரை வைத்து விசாரிக்க அதே சட்டத்தின் 161ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த விசாரணையைக் கேட்டுப் பெறுங்கள். இறந்தவர் கூலியாள் என்றால் கண்டிப்பாகக் கேளுங்கள், அவருக்காகக் கேட்க வேறு ஆளில்லை.

இளைஞர்களே! உங்களுக்கு இதில் நிறைய வேலை இருக்கிறது. 2021 ஜனவரி 9இல் மகாராஷ்டிரத்தின் பண்டாரா அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் தீப்பிடித்து 10 சிசுக்கள் மாண்டன. 2024 நவம்பர் 15இல் ஜான்சியில் மீண்டும் அதே கொடுமை. 2024 டிசம்பர் 12இல் நம் திண்டுக்கல் தனியார் மருத்துவமனையில் 6 பேர். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் கடைசியாக மின் சோதனை நடந்த தேதி என்ன, அறிக்கையில் கண்ட குறைகள் சரிசெய்யப்பட்டனவா? 2005 தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு எழுதிப் போடுங்கள். தலைமை மின் ஆய்வாளர் அலுவலகம் சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கிறது. மனுவோடு நின்றுவிடாமல், மீலாது ஊர்வலத்துக்கும் நம் பொதுக்கூட்டத்துக்கும் கம்பத்தில் கொக்கி மாட்டும் பழக்கத்தை முதலில் ஒழியுங்கள். தற்காலிக இணைப்புக்குப் பணம் கட்டி ரசீது வாங்குங்கள். அரசாங்கத்திடம் கணக்குக் கேட்பவன் கையில் திருட்டுக் கரண்டு இருக்கலாமா?

அடுத்த ஜமாஅத் பொதுக்குழுவில் வரவு செலவு வாசித்து முடித்ததும் எழுந்து நில்லுங்கள். எர்த் கடைசியாக அளந்தது எப்போது, அளவு எத்தனை ஓம், அளந்தவரின் தகுதிச் சான்று எண் என்ன என்று கேளுங்கள். பதில் மினிட் புத்தகத்தில் ஏறும் வரை உட்காராதீர்கள்.