மிச்ச மருந்து யார் கணக்கு?

பட்டாசு பற்றி நாம் பேசுவது ரெண்டு சமயத்தில்தான். ஒன்று தீபாவளி, இன்னொன்று விபத்து. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் 38 பேர், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அப்போதெல்லாம் டிவியைத் திறந்தாலே விருதுநகர் மாவட்டம்தான். ரெண்டு வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவோம். நான் பேச வந்தது இந்த ரெண்டு பேச்சுக்கும் நடுவில் காணாமல் போகிற ஒரு விஷயம்: பட்டாசுக் கழிவு.

ஒரு ஃபேக்டரியில் ஒரு நாள் வேலை முடிந்ததும் என்னவெல்லாம் மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்க. கலக்கும்போது சிந்திய மருந்து, நமத்துப் போன மணி மருந்து, சரியாக வராத வெடி, மருந்து ஒட்டின பேப்பர், சாக்கு, தரை கழுவின தண்ணீர். இதெல்லாம் எங்கே போகுது? பல இடங்களில் பதில் ஒன்றுதான்: பின்னாடி ஒரு குழி, ஒரு தீக்குச்சி. குழியில் கொட்டுவதும் கொளுத்துவதும் ஒரு ஆளோ ரெண்டு ஆளோ செய்கிற வேலை. அவர்களுக்கு ஏதாவது ஆனால் பேப்பரில் ஒற்றைப் பத்தியோடு முடிந்துவிடும்.

"கழிவுதானே, நல்ல மருந்து மாதிரி வேகம் இருக்காதே" என்று நினைப்பவர்கள் ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியைக் கொஞ்சம் புரட்டலாம். நல்ல மருந்தில் எது எவ்வளவு இருக்கிறது என்று கலந்தவருக்குத் தெரியும். குழியில் பத்து ரகம் ஒன்றாகக் கிடக்கும், என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் ஈரத்தில் கிடந்தால் மெல்ல வினைபுரிந்து சூடேறும். அந்தச் சூடு வெளியே போக வழியில்லை என்றால் தானாகவே பற்றிக்கொள்ளும். மழை பெய்து நனைந்த கழிவு பாதுகாப்பானது என்பது பாதி உண்மைகூட இல்லை.

பற்றாவிட்டாலும் பிரச்னை தீராது. பேரியம் நைட்ரேட் தண்ணீரில் கரையும், பெர்குளோரேட்டும் கரையும். குடிநீரில் பேரியம் லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது நம் நாட்டின் ஐ.எஸ். 10500 தரநிலை. பெர்குளோரேட் தைராய்டுக்கு அயோடின் போய்ச் சேருவதைத் தடுக்கும். சிவகாசி பட்டாசு ஆலைப் பகுதி நிலத்தடி நீரில் பெர்குளோரேட் இருப்பதை 2013-ல் வெளியான ஆய்வே சொல்லிவிட்டது. அந்த அளவு சில இடங்களில் அமெரிக்காவின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைவிடப் பல மடங்கு.

சரி, சட்டம் என்ன சொல்லுது? 2016-ல் வந்த அபாயகரக் கழிவு விதிகள் கையில் இருக்கு. அபாயகரக் கழிவு என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் 'வெடிக்கும் தன்மை' என்ற வார்த்தையே இருக்கிறது. அந்த விதிப்படி கழிவை 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. லாரியில் ஏற்றினால் ஏழு காப்பி மேனிஃபெஸ்ட், ஒவ்வொன்றும் ஒரு கலர். வருஷா வருஷம் வாரியத்துக்குக் கணக்கு. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் எந்தெந்தத் தொழிலில் என்னென்ன கழிவு வரும் என்று சொல்கிற முதல் அட்டவணையைத் திறந்தால் பெயிண்ட் இருக்கு, இங்க் இருக்கு, தோல் இருக்கு, மொத்தம் 38 வரிசை இருக்கு. பட்டாசுக்குத் தனி வரிசை இல்லை.

இன்னொரு பக்கம் 2008 வெடிபொருள் விதிகள். அது பெசோ கையில். நம்ம ஏரியாவில் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று மூன்று விதமாகச் சொல்வோமே, அதெல்லாம் இந்த விதியில் வருவது. அந்த அதிகாரிகளின் கவனமெல்லாம் ரூமுக்கு ரூம் எவ்வளவு தூரம், ஒரு ரூமில் எத்தனை பேர், எத்தனை கிலோ மருந்து என்பதில். அது தப்பில்லை, உயிர் காக்கிற விஷயம். ஆனால் குழிக்கு அடியில் மண்ணும் தண்ணீரும் என்ன ஆகுது என்பது அவர்கள் வேலை இல்லை. அது வாரியத்தின் வேலை. வாரியத்தின் அட்டவணையில் பட்டாசு இல்லை. ரெண்டு ஆபீஸுக்கும் நடுவில்தான் அந்தக் குழி கிடக்கு.

இதை ஃப்ரெண்ட்ஸிடம் சொன்னால் உடனே ஒரு ஐடியா வரும்: "உங்க ஆலங்குளத்தில் 1970-லிருந்து அரசு சிமென்ட் ஆலை இருக்கே, சூளையில் போட்டு எரிச்சிடலாமே?" கேட்க அருமையான ஐடியா. சிமென்ட் சூளையின் சூடு 1,450 டிகிரி வரை போகும், பல அபாயகரக் கழிவுகளை அப்படி எரிக்க விதியே வழி சொல்கிறது. ஆனால் சூளையில் போடக் கூடாதவை என்று மத்திய வாரியம் போட்ட பட்டியலில் வெடிபொருளும் ஒன்று. காரணம் நமக்கே தெரியும். திருச்சுழி பக்கம் இருக்கிற அபாயகரக் கழிவு மையத்துக்கு அனுப்பலாமா என்றால், வெடிக்கக்கூடியதை அப்படியே மண்ணில் புதைப்பதும் ஆகாது. முதலில் அதன் வெடிக்கும் தன்மையை எடுக்க வேண்டும். அதற்கு ஒரு இடம், பயிற்சி பெற்ற ஆட்கள், ஒரு முறை வேண்டும். அந்த நடுப்படிதான் இங்கே இல்லை.

பெட்ரோல் டேங்க் கதையை இதோடு வைத்துப் பாருங்க. அமெரிக்காவில் பூமிக்கு அடியில் புதைத்த டேங்குகள் துருப்பிடித்து ஒழுகி, கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் கலந்தது. 1984-ல் சட்டம் போட்டார்கள், 1988-ல் விதி, பழைய டேங்குகளைச் சரிசெய்ய 1998 வரை கெடு, 2015-ல் மறுபடியும் அப்டேட். அவர்கள் செய்த முதல் வேலை ரொம்ப சிம்பிள்: எந்த டேங்க் எங்கே இருக்கிறது என்று பதிவு செய்ய வைத்தார்கள். நம் நாட்டிலும் புது பெட்ரோல் பங்க் பள்ளிக்கூடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்று 2020-ல் மத்திய வாரியம் வழிகாட்டுதல் கொடுத்தது. பங்க் டேங்குக்கு இவ்வளவு கவனிப்பு. விருதுநகர் மாவட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாசு ஆலைகள் இருக்கு. அவற்றின் குழிகளுக்கு ஒரு லிஸ்ட்டாவது வேண்டாமா?

"ஏற்கெனவே 2018-ல் சுப்ரீம் கோர்ட் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டுத் தொழில் நொந்து கிடக்கு, இன்னொரு ரூல் வந்தால் ஊரே காலி" என்பார்கள். இந்தப் பயம் நியாயமானதுதான். இந்தத் தொழில் இல்லையென்றால் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரியாது, எங்கள் கிளாஸில் பாதிப் பேர் ஃபீஸ் கட்டியிருக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு ஆலையும் தனித்தனியாகச் செய்யட்டும் என்று நான் சொல்லவில்லை. திருப்பூரில் சாயப்பட்டறைகளுக்குப் பொது சுத்திகரிப்பு நிலையம் இருக்கிற மாதிரி, இங்கே பட்டாசுக் கழிவுக்குப் பொது அழிப்பு மையம் வேண்டும். சின்ன டி.ஆர்.ஓ. லைசென்ஸ்காரர் தனியாக இதைக் கட்ட முடியாது. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, அரசும் கை கொடுத்தால் முடியும். கூடவே அந்த முதல் அட்டவணையில் பட்டாசுக்கு ஒரு வரிசை.

இதுக்கெல்லாம் டெல்லி மனசு வைக்கணும். நாமே செய்யக்கூடியதும் ஒன்று இருக்கு. 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே புது விதிகள் வந்திருக்கின்றன. சந்தேகப்படும் இடத்தைப் பற்றி பொதுமக்கள் புகார் கொடுக்கலாம். பட்டியல் வந்ததும் மாநில வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். கெமிக்கல், சிவில் டிபார்ட்மென்ட் ஆட்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னொரு ஸ்மார்ட் டஸ்ட்பின் செய்வதற்குப் பதில், ஆலைப் பகுதிகளுக்கு வெளியே இருக்கிற ஊர்க் கிணறுகளில் தண்ணீர் எடுத்து பேரியம் பாருங்க. குழிப் பக்கம் மட்டும் போகாதீங்க, கிணறே போதும். அந்த ரிசல்ட்டை கலெக்டர் ஆபீஸில் மனுவோடு கொடுங்க. கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.