கொட்டிக்குக் காப்பு எங்கே?

குளம் வறண்டதும் அகலும் பறவையையும், அகலாமற் கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தலையும் மூதுரையில் உறவுக்கு ஒப்பாக்கினார் ஔவையார். ஆம்பலைக் கண்டோர் பலர். கொட்டியைக் கண்டோர் எத்துணையர்? பாடஞ் சொல்லும் ஆசிரியரும் 'ஒருவகை நீர்ப்பூண்டு' என்று கூறிக் கடந்து விடுகின்றார்.

கொட்டி மழைநீர்க் குட்டைகளிலும் நன்செய் வயல்களிலும் வளர்வது. நீண்ட இலைகள் நீர்மேல் மிதக்கும்; ஒற்றைக் கதிராய்ப் பூ எழும். கோடையில் இலையும் தண்டும் அழியும். கிழங்கோ மண்ணுக்குள் உயிரோடு உறங்கி, அடுத்த மழைக்குத் தழைக்கும். அக்கிழங்கு மக்களுக்கு உணவாகவும் பயன்பட்டது. வற்றிய குளம் வெறுங்குளம் அன்று என்பதை ஔவையார் அறிந்திருந்தார். இன்றைய நில அளவர் அறியார்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்றோர் மீனவர் ஊர். (ரேவு தெலுங்கு, துறை என்பது பொருள். ரகரம் தமிழில் மொழிமுதல் வாராது. தோணித்துறை என்றால் இழப்பொன்றுமில்லை.) ஏரி உவர்நீர். ஆயினும் வாடைக்கால மழையில் கரைப்புறத் தாழ்நிலங்களில் நன்னீர் தேங்கிச் சில திங்கள் நிற்கும். கொட்டி போன்றவை வாழத்தக்க இடம் இத்தகைய குட்டைகளே. கோடையிற் பார்ப்போர்க்கு அவை தரிசு. தரிசென்று எழுதப்பட்டது மனையாகவோ இறாற்பண்ணையாகவோ மாற நாளாகாது. ஏரியிலிருந்து 1000 மீட்டருக்குள் புதுமுறை இறாற்பண்ணை கூடாதென 1996-இல் இந்தியத் தலைமை முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அத்தடையைத் தளர்த்திற்று. உப்பூறிய மண்ணில் நன்னீர்க் கிழங்கு முளைக்குமா?

ஏரியின் தமிழகப் பகுதி 1980 முதல் பறவைக் காப்பகம். பூநாரையைக் காக்கட்டும், வேண்டாவென்பார் யார்? ஆனால் நீர் வற்றினால் நீங்கும் பறவைக்குக் காப்பு உண்டு. நீங்காத கொட்டிக்கு ஓர் அறிவிப்புப் பலகையும் இல்லை.

கொட்டியின் உடன்பிறப்பு ஒன்று மராட்டியத்துச் சதாரா மாவட்டத்தில், காசு என்னும் மேட்டுநிலத்தின் மழைக்காலக் குட்டைகளில் இரட்டைக் கதிராய்ப் பூக்கின்றது. நிலைத்திணை நூலார் 1982-இல் அம்மாவட்டத்தின் பெயரையே அதற்கு இட்டனர். இன்று அஃது அழிவை எதிர்நோக்கும் இனமென உலகப் பட்டியலில் உள்ளது. அம்மேட்டுநிலமும் 2012-இல் உலக மரபுச்செல்வங்களுள் ஒன்றாயிற்று. கொட்டி இன்னும் அந்நிலை எய்தவில்லை. எய்தும்வரை காத்திருக்க வேண்டுமா?

திருவள்ளூர் மாவட்ட வருவாய்த்துறையினர் செய்யத்தக்கது எளிது. தாழ்நிலங்களைக் கோடையில் அளவாது, மழை ஓய்ந்தவுடன் அளக்கட்டும். நீர் நின்ற இடமெல்லாம் நீர்நிலை என்றே பதியட்டும். ஊர்ப் பெரியோர் ஒருவரை உடனழைத்துச் சென்றால், ஒவ்வொரு குட்டையின் பெயரும் கேட்டு எழுதலாம்.