அநீதி நாட்டை அழிக்கும்



ஒரு நாடு எதனால் செழிக்கின்றது, எதனால் சீரழிகின்றது என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. ஏறத்தாழ 650 ஆண்டுகளுக்கு முன்னரே இதனை ஆழ்ந்து ஆராய்ந்து விடை பகர்ந்தவர்கள் அல்லாமா இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள்.

கி.பி. 1332-ல் தூனிஸ் நகரில் பிறந்த அப்பெருமகனார், இளமையிலேயே கொள்ளை நோய்க்குத் தம் பெற்றோரைப் பறிகொடுத்தார்கள். பல அரசவைகளில் பதவி வகித்தார்கள், சிறைவாசமும் அனுபவித்தார்கள். 1377-ல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள இப்னு ஸலாமா கோட்டையில் ஒதுங்கியிருந்து 'முகத்திமா'வை எழுதி முடித்தார்கள். 1384-ல் கெய்ரோவில் மாலிகி மத்ஹபின் தலைமைக் காஜியாக நியமிக்கப்பட்டார்கள். அரசுகளின் ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் அருகிலிருந்து கண்டவர்களின் சொல் அது.

அநீதி நாட்டைப் பாழாக்கும் என்பதை விளக்கவே அந்நூலில் ஓர் அத்தியாயம் உண்டு. வரலாற்றாசிரியர் மஸ்ஊதி எழுதிய கதையொன்றை அதில் எடுத்துக்காட்டுகின்றார்கள். பாரசீக மன்னர் பஹ்ராம் ஆந்தையின் அலறலைச் செவியுற்று, அதன் பொருள் யாதெனத் தம் தலைமை மதகுருவை வினவினார். ஆண் ஆந்தை ஒன்று மணம் பேசுகின்றதென்றும், பெண் ஆந்தை பாழடைந்த இருபது கிராமங்களை மஹராகக் கேட்கின்றதென்றும், இம்மன்னரின் ஆட்சி நீடித்தால் ஆயிரம் கிராமங்களே தருவதாக ஆண் ஆந்தை வாக்களிக்கின்றதென்றும் குரு கூறினார். உழுதவர்களின் நிலங்களைப் பறித்துத் தம் பரிவாரத்திற்கு வழங்கியிருந்த மன்னர், உண்மையை உணர்ந்து அவற்றை உரியவர்களிடமே திருப்பியளித்தார். நாடு மீண்டும் செழித்தது.

இதன் காரணத்தையும் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் விளக்குகின்றார்கள். உழைப்பின் பலன் பறிக்கப்படும் என்று அஞ்சும் மனிதன் உழைப்பதை நிறுத்துகின்றான். கடைவீதி ஓய்கின்றது, மக்கள் ஊரை விட்டு வெளியேறுகின்றனர். வரியை எவ்வளவு உயர்த்தினாலும் கருவூலம் நிரம்புவதில்லை. 1981-ல் அமெரிக்க அதிபர் ரீகன், வரிகுறைப்புக்கு ஆதரவாக இப்பேரறிஞரின் கருத்தை எடுத்துக் கூறினார். ஆனால், வரி குறைந்தால் மட்டும் போதும் என்பதன்று இவர்களின் போதனை. நீதி நிலைக்க வேண்டும் என்பதே அது.

அநீதி என்பது பிறர் பொருளைக் கவர்வது மட்டுமன்று. கூலியின்றி வேலை வாங்குவதும், கடமையில்லாததைக் கட்டாயமாக வசூலிப்பதும், உரிமையை மறுப்பதும் அநீதியே என்று அவர்கள் வரையறுக்கின்றார்கள்.

'அநீதி மலிந்த பெருநகரங்கள் அழியாமல் நிற்கின்றனவே!' என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் அவர்கள் விடையளிக்கின்றார்கள். நகரம் பெரிதாக இருப்பின் சேதம் சிறுகச் சிறுகவே நிகழ்கின்றது. ஆதலால் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தாமதத்தைக் கண்டு தண்டனை இல்லையென்று எண்ணுவதே மனிதன் செய்யும் பெரும்பிழை.

சகோதரர்களே! ஆட்சியாளர்களைக் குறைகூற நமக்கு நாவு நீளுகின்றது. நம் கடையில் உழைக்கும் பையனுக்கு உரிய கூலியை உரிய நாளில் கொடுத்தோமா? உடன்பிறந்த சகோதரிக்குச் சேரவேண்டிய வாரிசுப் பங்கை ஒப்படைத்தோமா? வக்ஃபு நிலத்தின் குத்தகையை நேர்மையாகச் செலுத்தினோமா? உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கும்படி நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அநீதிக்குள்ளானவனின் முறையீட்டிற்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்றும் எச்சரித்தார்கள்.

பஹ்ராம் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தார். நம் கையிலும் பிறருடையது ஏதேனும் இருக்குமாயின், இந்த ஜும்ஆவுக்குச் செல்லுமுன் அதனை உரியவரிடம் சேர்ப்பிப்போமாக! வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் நீதியின்மீது நிலைத்திருக்கச் செய்வானாக! ஆமீன்.