த்ரில்லர் படம் பிள்ளைகளுக்கு ஆகாதா?



"டீச்சர், நீங்களா திகில் படம் பாக்கீங்க?" என்று போன வாரம் ஒரு பழைய மாணவி கேட்டாள். பார்ப்பேன். 1984-ல் 'நூறாவது நாள்' பார்த்துவிட்டு, மொட்டைத்தலை சத்யராஜை நினைத்து ராத்திரி புறவாசலுக்குத் தனியாகப் போகப் பயந்தவள்தான் நான்.

அப்போது தியேட்டர், இப்போது வீட்டு டிவி. நல்ல சஸ்பென்ஸ் படத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஆளுக்கொரு போனில் அல்ல. காரணம் இருக்கிறது.

லீவுக்கு வந்த பேத்தியோடு 'பாபநாசம்' பார்த்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 2015-ல் வந்த படம், மலையாள 'த்ருஷ்யம்'தான் மூலம். ஜெயமோகன் வசனத்தில் கமல் நம்ம ஊர்ப் பேச்சு பேசுகிறாரே என்றுதான் போட்டேன். கொலை எப்படி நடந்தது என்று நமக்கு முன்பே தெரியும். குடும்பம் மாட்டுமா, தப்புமா என்பதுதான் பதைப்பு. கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம், தான் பார்த்த சினிமா அறிவை வைத்தே போலீசுக்கு ஈடு கொடுப்பார். இத்தனைக்கும் தொடக்கம், மகள் செல்விக்குத் தெரியாமல் ஒருவன் எடுத்த செல்போன் வீடியோ.

படம் முடிந்ததும் பேத்தி கேட்டாள்: "ஆச்சி, எனக்கு இப்படி நடந்தா நீங்க முதல்ல என்னையத்தானே ஏசுவீங்க?"

இல்லை என்று சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை.

வகுப்பில் துறுதுறுவென்று இருந்த ஒரு பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தியது நினைவுக்கு வந்தது. மார்க் குறைந்ததற்கு ஏசினேன். "என்னம்மா ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் அவள் பள்ளிக்கு வரவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

2018-ல் வந்த 'ராட்சசன்' படத்தில் மாணவிகளைச் சீரழிக்கும் ஒரு ஆசிரியர் வருவார். ஆசிரியையான எனக்கு உடம்பு கூசியது. ஆனாலும் மிரட்டலுக்குப் பயந்த பிள்ளை எப்படி வாயடைத்துப் போகிறாள் என்பதைப் பெற்றோர் பார்க்கத்தான் வேண்டும். கொடூரம் அதிகம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், பெரியவர்கள் பாருங்கள்.

வீட்டோடு உட்கார்ந்து பார்க்க 1954-ல் வந்த 'அந்த நாள்' இருக்கிறது. வீணை எஸ்.பாலசந்தர் இயக்கிய படம். பாட்டே கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்பட்டு விழுவார். சுட்டது யார் என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து ஓட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள்.

மறுநாள் காலையில்தான் பேத்திக்குப் பதில் சொன்னேன். "ஏச மாட்டேன்ட்டி. கோபத்துல ஏசிட்டாலும் உன் பக்கம்தான் நிப்பேன். எதுன்னாலும் முதல்ல எங்கிட்ட வந்து சொல்லு." 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடம் செய்ய வைத்தேன்.

உங்கள் வீட்டிலும் படம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பேசுங்கள். பிள்ளை எதையாவது கேட்கும்.

நீங்கள் பார்த்த நல்ல படங்களைக் கமெண்டில் சொல்லுங்கள். முடிவை மட்டும் போட்டு உடைத்துவிடாதீர்கள். உடைத்தால், பழைய பிரம்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது!