பாட்டியின் பட்டில் மாவிலைத் தோரணம்

திருவிழா நெருங்கும்பொழுது புத்தாடைப் பேச்சு இல்லந்தோறும் எழுகிறது. கடைவீதிகளில் கூட்டம் பெருகுகிறது. அதே வேளையில், அன்னையரும் பாட்டியரும் உடுத்திய பட்டுப் புடவைகள் அலமாரிகளில் மடிப்பு மாறாமல் கிடந்து, அம்மடிப்புகளிலேயே இற்றுப் போகின்றன. நம் நாட்டின் ஈரக்காற்றில் சரிகையும் கறுக்கிறது. இச்செல்வத்தைக் காக்கும் வழி பூட்டி வைப்பதன்று. புதுவடிவில் உடுத்துவதே என்பது நமது கருத்து.

காஞ்சிபுரப் பட்டு நெய்தவர்கள் இயற்கையையே பாடமாகக் கொண்டவர்கள். தாழம்பூவின் கூர்மடல், மல்லிகை மொட்டு, மாங்காய், மயில், அன்னம் என அவர்கள் கண்டவையெல்லாம் பட்டில் பூத்தன. உடல் நைந்த பின்னும் பல புடவைகளில் கரையும் முந்தானையும் உறுதி குன்றாதிருக்கக் காணலாம்.

சுமார் 5.5 மீட்டர் நீளமுள்ள புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, நைந்த இடங்களை விலக்கினால், ஒரு சிறுமிக்குப் பாவாடை தைக்கப் போதிய துணி பெரும்பாலும் தேறும். மெல்லிய பருத்தியை உள்துணியாக வைத்தால் பழம்பட்டு இழுபட்டுக் கிழியாது. கரை, பாவாடையின் அடி விளிம்பாகட்டும். எஞ்சிய துண்டுகளை மாவிலை வடிவில் வெட்டி, ஓரம் மடித்து, கரைக்கு மேலே வரிசையாகத் தைத்தால், கோயில் வாயிலின் தோரணம் குழந்தையின் ஆடையில் அசையும். துணிமேல் துணி பதித்துத் தைக்கும் இக்கலை நமக்குப் புதிதன்று. தேர்களில் தொங்கும் தொம்பைகள் இம்முறையில் உருவானவையே.

முன்னோர் உடுத்தியதை வெட்டலாமா எனத் தயங்குவோர் உளர். கூறைப்புடவையை அப்படியே போற்ற விரும்புவோர் போற்றட்டும். இறைவிக்குச் சாத்துவது புதுப்புடவையாகவே இருப்பதுதான் மரபு. அதில் மாற்றம் வேண்டியதில்லை. நாம் உடுத்துவதற்கோ தூய்மையே போதும். செல்லரித்த பின் குப்பையில் சேரும் பட்டைவிட, பேத்தியின் இடையில் ஒளிரும் பட்டன்றோ பாட்டிக்குப் பெருமை?

இத்திருவிழாவிற்குப் புதுத்துணி வாங்கப் புறப்படுமுன், பக்தப் பெருமக்கள் ஒருமுறை அலமாரியைத் திறந்து பார்ப்பார்களாக. பழம்பட்டைப் பக்குவமாகத் தைக்கவல்ல தையற்காரர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்கள் கைக்கு வேலை கொடுப்பதும் நம் கடமையே.