பன்னிரண்டு ஆட்டை வைத்துப் புலியைக் கட்ட முடியுமா?

குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் சீசன் கடை போடுகிறவன் நான். அருவியில் வெள்ளம் கூடி, குளிக்கத் தடை போட்டால்தான் எனக்கு வியாபாரம். லாட்ஜுக்குள் அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்காகப் பல்லாங்குழி, தாயக்கட்டை, ஆடு புலி ஆட்டம் எல்லாம் வாங்கிப் போவார்கள். அதில் ஆடு புலிப் பெட்டிக்கு மட்டும் மறுநாளே புகார் வரும். “அண்ணாச்சி, எப்ப ஆடினாலும் புலிதான் ஜெயிக்குது.”

ஜெயிக்காமல் என்ன செய்யும்? பெட்டிக்குள் ஆடு பன்னிரண்டுதான். கட்டத்தில் 23 புள்ளிகள்: உச்சியில் ஒன்று, வரிசைக்கு ஆறாக மூன்று வரிசை, அடியில் நான்கு. வழக்கப்படி 3 புலியும் 15 ஆடும் இறங்கினால் காலியிடம் ஐந்து. ஆட்டைப் பன்னிரண்டாக்கினால் காலியிடம் எட்டு. புலி ஆட்டை வெட்ட வெட்ட இன்னும் கூடும். இத்தனை இடம் கொடுத்துவிட்டுப் புலியை நகரவிடாமல் எங்கே கட்டுவது? நேபாளத்து பாக் சால் ஆட்டத்தில் 4 புலி, 20 ஆடு. இரு பக்கமும் பிசகாமல் ஆடினால் அது டிராவில் முடியும் என்று கணினியில் கணக்குப் போட்டே காட்டியிருக்கிறார்கள். ஆட்டின் எண்ணிக்கை யாரோ சும்மா வைத்ததல்ல.

இன்னொரு பலகை தேக்கு மாதிரி மினுங்குகிறது, ஆனால் ஒரு கோட்டையே காணோம். விதித்தாளோ அதைவிட மோசம். 15 ஆடும் இறங்கி முடிந்த பிறகே ஆட்டை நகர்த்தலாம் என்பது அதில் இல்லை. எத்தனை வெட்டினால் புலிக்கு வெற்றி என்பதும் இல்லை.

சரக்குப் போடுகிறவர்களைக் கேட்டால், “நாட்டுப்புற ஆட்டம்தானே, ஊருக்கு ஊர் மாறும்” என்கிறார்கள். மாறும்தான். ஆனால் திண்ணையில் கரிக்கோடு இழுத்து, புளியமுத்தை ஆடாக வைத்து, சண்டை போட்டுச் சண்டை போட்டு மாற்றினார்கள். மூன்று காய் மிச்சம் பிடிப்பதற்காக மாற்றவில்லை.

ஆடிப் பார்க்காமல் விற்பது இங்கே மட்டும் இல்லை போல. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவன். கதை சொல்லிப் பகடை உருட்டும் அமெரிக்க ஆட்டம், 1974இல் வந்தது. அதற்குத் துணைநூல்கள் வந்துகொண்டே இருக்கின்றனவாம். “சில புத்தகம் ஆடிப் பார்த்து எழுதினது மாமா, சிலது பக்கத்தை நிரப்பினது” என்றான். 2014 விதிநூலில் ரேஞ்சர் என்ற பாத்திரம் சோப்ளாங்கியாக இருக்கிறது என்று ஆடுகிறவர்கள் விடாமல் சத்தம் போட்டார்கள். 2020இல் வந்த துணைநூலில் அதற்கு மாற்று விதிகள் கொடுத்தார்கள்.

இங்கே சத்தம் போட ஆளில்லை. வாங்கியவர் மறுநாள் மதுரைக்கோ கொல்லத்துக்கோ பஸ் ஏறிவிடுகிறார். புகார் என் கல்லாவோடு நின்றுவிடுகிறது, பெட்டி செய்கிறவர் காதுக்குப் போவதில்லை. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் நாலு பேரை உட்கார வைத்து, பக்கம் மாற்றி மாற்றி ஆடச் சொல்லுங்கள். பெட்டிக்குள் 15 ஆடு இருக்கட்டும், தாளில் வெட்டுக் கணக்கு இருக்கட்டும். பத்து ரூபாய் விலை கூடினாலும் விற்றுத் தருவது என் பாடு.